பெயர் மாறாத நறுமணம்

பாரிஸ் நகரின் ரிவோலி தெருவில் 1828ஆம் ஆண்டு பியர்-ஃப்ரான்சுவா-பாஸ்கல் கெர்லான் ஒரு வாசனைக் கடை திறந்தார். வேதியியல் தெரிந்தவர், இங்கிலாந்துக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பியிருந்தார். கைக்குட்டையில் தெளித்துக்கொள்ளும் நறுநீர், கூந்தல் தைலம், சோப்பு, முகப்பூச்சு ஆகியவை அந்தக் கடையின் சரக்கு. ஒருவருக்கென்றே, சில சமயம் ஒரே ஒரு விருந்து மாலைக்கென்றே, தனியாக மணம் கூட்டிக் கொடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. இன்று அந்தப் பெயர் பெரிய விமான நிலையங்களின் கடைவரிசைகளில் ஒளிர்கிறது. நிறுவனம் 1994 முதல் எல்விஎம்எச் என்னும் ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கையில் இருக்கிறது. அன்று வாங்குபவரின் முகம் பார்த்து மணம் கூட்டினார்கள். இன்று கூட்டி வைத்த மணம் கண்டம் கண்டமாகப் போய் முகம் தெரியாதவர்களைச் சேர்கிறது.

இந்த வாசனை இல்லத்தின் மாற்றங்களை வாசிக்கத் தேனீக் குப்பியிலிருந்து தொடங்கலாம். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் 1853இல் யூஜெனியை மணந்தார். அதே ஆண்டில் கெர்லான் அரசிக்காக ஒரு கொலோன் செய்தார். பெர்காமோட், எலுமிச்சை, ஆரஞ்சுப்பூ, ரோஸ்மேரி கலந்த இலேசான நறுநீர் அது. அதை நிரப்பிய கண்ணாடிக் குப்பியில் 69 தேனீக்கள் புடைத்து நின்றன. தேனீ, நெப்போலியனின் பொனபார்ட் குடும்பத்தின் சின்னம். அந்தக் கொலோன் வழியாகவே கடைக்காரர் அரண்மனையின் வாசனைக்காரர் ஆனார். குப்பி இன்றும் வழக்கில் இருக்கிறது, ஆனால் தேனீயின் பொருள் மாறிவிட்டது. பிரித்தானி கடற்கரைக்கு அப்பால் உள்ள வெஸ்ஸான் தீவின் கருந்தேனீக்களைக் காக்கும் அமைப்புக்கு நிறுவனம் 2011 முதல் துணை நிற்கிறது. யுனெஸ்கோவுடன் சேர்ந்து பெண்களுக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சியும் அளித்திருக்கிறது. முன்பு அரசைப் புகழ நின்ற பூச்சி, இப்போது அழியாமல் காக்க வேண்டிய உயிராக நிற்கிறது. இந்த மாற்றத்தில் விளம்பரமும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க வேண்டியதில்லை.

கடையின் அடுத்த தலைமுறையில், பியரின் மகன் எமே 1889இல் ‘ஜிக்கி’ என்னும் வாசனையை உருவாக்கினார். ஈஃபிள் கோபுரம் திறக்கப்பட்ட ஆண்டும் அதுதான். அதுவரை வாசனைகள் பெரும்பாலும் பூக்களின் பெயரைத் தாங்கின, பூக்களையே போலச்செய்தன. ரோஜா என்றால் ரோஜா, வயலெட் என்றால் வயலெட். ஜிக்கி எந்தப் பூவையும் போலச்செய்யவில்லை. லாவெண்டரின் தெளிவும் வெனிலாவின் கனமும் புனுகின் விலங்கு வாடையும் ஒரே குப்பிக்குள் கூடி, இயற்கையில் இல்லாத ஒரு மணமாயின. அதைச் சாத்தியமாக்கியது ஆய்வுக்கூடம். டோங்கா விதையில் இருக்கும் கூமரினை வில்லியம் பெர்க்கின் 1868இல் செயற்கையாகச் செய்து காட்டினார். வெனிலாவின் உயிரான வெனிலின் 1874இல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. இவ்விரண்டையும் இயற்கைச் சாறுகளோடு துணிந்து சேர்த்ததுதான் எமேயின் பங்களிப்பு. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஜிக்கி விற்பனையில் இருக்கிறது.

எமேயின் தம்பி மகன் ழாக் கெர்லான் காலத்தில் இல்லத்தின் குணம் முழுமையாக உருவானது. 1906இல் ‘அப்ரே லோந்தே’, 1912இல் ‘லேர் ப்ளூ’, 1919இல் ‘மிட்சுகோ’, 1925இல் ‘ஷாலிமார்’, 1933இல் ‘வோல் த நுவி’. லேர் ப்ளூவும் மிட்சுகோவும் முதல் உலகப் போருக்கு முன்னும் பின்னுமாக வந்தவை. தலைகீழ் இதய வடிவ மூடி கொண்ட ஒரே வார்ப்புக் குப்பியில்தான் இரண்டும் விற்றன. ஷாலிமார், பாரிஸில் 1925இல் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில், ரெமோன் கெர்லான் வடிவமைத்த பக்காரா கண்ணாடிக் குப்பியில் மக்கள் முன் வந்தது. முகலாயத் தோட்டத்தின் பெயரைத் தாங்கினாலும் அதன் உள்ளடக்கம் ஐரோப்பாவுடையது: கலாப்ரியாவின் பெர்காமோட், ஆய்வுக்கூடத்தின் எத்தில் வெனிலின், பதனிட்ட தோலின் புகைவாடை. இந்த இல்லத்தின் வாசனைகளைத் தொடர்ந்து முகர்பவர்கள் அவற்றினடியில் ஒரு பொது ஓட்டத்தை உணர்வார்கள். பெர்காமோட், ரோஜா, மல்லிகை, ஐரிஸ் கிழங்கு, டோங்கா, வெனிலா ஆகியவை கூடிய அந்த அடித்தளத்துக்குக் ‘கெர்லினாத்’ என்றே பெயர். தொடக்கத்தில் வெளிச்சமும் முடிவில் கதகதப்புமாக இருப்பது அதன் இயல்பு.

அந்தக் கதகதப்பைத் தரும் வெனிலாவின் வரலாற்றில் ஒரு சிறுவன் இருக்கிறான். மெக்சிகோவின் இந்தக் கொடி பிற நாடுகளில் பூத்தும் காய்க்காமல் இருந்தது. இந்தியப் பெருங்கடலின் ரெயூனியன் தீவில், 1841இல், எட்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியும் கட்டைவிரலும் கொண்டு பூவில் கையால் மகரந்தம் சேர்க்கும் எளிய வழியைக் கண்டான். உலகின் வெனிலாத் தோட்டங்கள் இன்றும் அந்தக் கைவழக்கத்தில்தான் காய்க்கின்றன. அவனுக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்ததே 1848இல் அடிமை முறை ஒழிந்த பின்புதான். குப்பிகளில் கெர்லான் குடும்பத்தின் பெயர் பொறிக்கப்பட்டது. எட்மோனின் பெயர் அவற்றில் இல்லை. இது போதாதென்று, ழாக்கின் பேரனும் குடும்பத்தின் கடைசி வாசனைக் கலைஞருமான ழான்-போல் கெர்லான், 2010இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் கறுப்பின மக்களை இழிவுபடுத்திப் பேசினார். பாரிஸின் ஷான்ஸெலிசே சாலையில் உள்ள கெர்லான் கடை முன் எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன. நீதிமன்றம் 2012இல் அவருக்கு அபராதம் விதித்தது. வெட்டிவேர் (1959), அபி ரூழ் (1965), ஷமாத் (1969) எனச் சிறந்த மணங்களைத் தந்தவர் அவர். அந்தப் பேச்சையும் அந்த மணங்களையும் சேர்த்தே நினைவுகூர்வதுதான் நேர்மை.

ழான்-போல் 2002இல் ஓய்வுபெற்றதோடு குடும்ப மரபு முடிந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்த தியரி வாஸர் 2008இல் இல்லத்தின் வாசனைக் கலைஞரானார். பின்னர் டெல்ஃபீன் ஜெல்க்கும் அந்த மேசையில் சேர்ந்தார். அன்று சூத்திரம் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு, பெரியப்பாவிடமிருந்து தம்பி மகனுக்கு என இரத்த வழியில் இறங்கியது, அதுவும் ஆண்களுக்கு மட்டுமே. இன்று திறமைக்கு வாசல் திறந்திருக்கிறது. இது வரவு. அதேசமயம் ஒரு மூக்கு மற்றொரு மூக்கின் அருகிலேயே குழந்தைப் பருவம் முதல் வளர்ந்த அந்த நீண்ட பயிற்சி இனிக் கிடையாது. இது இழப்பு.

மிகப் பெரிய மாற்றம் குப்பிக்குள் நடந்தது. மிட்சுகோவைத் தாங்கி நின்றது ஓக் மரப்பாசி. நம் செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஈர மண், பட்டை, காடு ஆகியவற்றின் மணம் அதற்கு. பீச் பழத்தின் சாயல் தரும் செயற்கைப் பொருள் ஒன்றை ழாக் அதன்மேல் வைத்தபோது, கனிந்த பழமும் இருண்ட காடும் ஒன்றையொன்று தழுவின. ஆனால் அந்தப் பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் என்னும் பொருள்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தருபவை. பன்னாட்டு நறுமணச் சங்கமான இஃப்ரா முதலில் பாசியின் அளவைக் குறைத்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அவ்விரு பொருள்களுக்கும் தடை விதித்தது. எனவே இன்றைய மிட்சுகோவில் அன்றைய பாசி இல்லை. அப்பொருள்களை நீக்கிச் சுத்திகரித்த பாசியும் துணைப் பொருள்களும் அந்த இடத்தை நிரப்புகின்றன. காடு இருக்கிறது, அதன் ஆழம் சற்றுக் குறைந்திருக்கிறது.

ஷாலிமாரின் பெர்காமோட்டும் இப்படித்தான். பழைய எண்ணெயில் இருந்த பெர்காப்டென், வெயில் பட்டால் தோலில் பழுப்புத் தழும்பு உண்டாக்கியது. பழைய காலத்தில் கழுத்தில் வாசனை தடவி வெயிலில் நடந்தவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. இன்று அதை நீக்கிய எண்ணெயே பயன்படுகிறது. அன்று கஸ்தூரிக்காக ஆண் மானைக் கொன்றார்கள், புனுகுக்காகப் பூனையைக் கூண்டில் அடைத்துச் சுரண்டினார்கள். அழியும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 1973இல் கையெழுத்தானது. இஃப்ரா நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். இன்றைய குப்பிகளில் விலங்கு வாடையை ஆய்வுக்கூட மூலக்கூறுகள் தருகின்றன. பழைய புனுகின் கரடுமுரடான உயிர்ப்பு அவற்றில் முழுதாக வருவதில்லை. அதற்காகக் கூண்டுகளை மீண்டும் விரும்ப என்னால் முடியாது.

சந்தனத்தின் கதையில் வரவைவிட இழப்பே பெரிது. ஜிக்கிக்குச் சரியாக நூறு ஆண்டுக்குப் பின், 1989இல், ழான்-போல் சந்தனத்தையும் மல்லிகையையும் தாராளமாகக் கொட்டி ‘சம்சாரா’ செய்தார். மைசூர்ச் சந்தனம் அப்போதே அருகிக்கொண்டிருந்தது. கள்ள வெட்டும் கடத்தலும் காடுகளைக் காலி செய்தன. 1998 முதல் நம் சந்தன மரம் உலக அளவில் பாதிப்புக்குள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இன்று அதே இனத்து மரத்தை ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் தோட்டமாக வளர்த்து எண்ணெய் எடுக்கிறார்கள். இங்கே நறுமணம் குறைந்ததற்குக் காரணம் சட்டமன்று, பேராசை.

மூலப்பொருள் வரும் ஊர்களும் மாறின. கெர்லானின் தொடக்க காலத்தில் மல்லிகை என்றால் தெற்கு பிரான்ஸின் கிராஸ் நகரம். இன்று பிரெஞ்சு வாசனைத் தொழிலுக்கான மல்லிகைச் சாற்றில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்தும் எகிப்திலிருந்தும் போகிறது. மதுரை, சத்தியமங்கலம் வட்டாரங்களில் பறித்த மொட்டுகள், மாலையில் மலரும் நேரம் பார்த்து ஆலைக்குள் இறங்குகின்றன. ஒரு கிலோ மெழுகுச் சாற்றுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். கெர்லானின் வெட்டிவேரும் கோயம்புத்தூர் வட்டாரத்திலிருந்து போகிறது. அன்று சரக்கு பல தரகர் கை மாறிப் பாரிஸ் வந்தது. யார் நட்டார், யார் பிடுங்கினார் என்று கேட்பார் இல்லை. இன்று வாசனைக் கலைஞர்களே பல்கேரியாவின் ரோஜாத் தோட்டத்துக்கும் கலாப்ரியாவின் பெர்காமோட் தோப்புக்கும் நேரில் போகிறார்கள். வயலும் குப்பியும் ஒன்றையொன்று அறிவது நல்ல முன்னேற்றம். அந்த அறிமுகம் பூப்பறிப்பவரின் கூலியிலும் தெரியும்போதுதான் அது முழுமையாகும்.

மாறாத சிலவும் உண்டு. பெரும்பாலான பெயர்பெற்ற நிறுவனங்கள் தங்கள் மணங்களை வெளி நிறுவனங்களிடம் செய்வித்து வாங்குகின்றன. கெர்லான் தன் கலைஞரைத் தன் வீட்டிலேயே வைத்திருக்கிறது. உயர்வகைக் குப்பிகளின் கழுத்தில் மெல்லிய சவ்வைப் போர்த்தி, நூலால் இறுக்கிக் கட்டி, நுனியைக் குஞ்சமாகச் சிலுப்பிவிடும் வேலையைப் பயிற்சி பெற்ற பெண்கள் இன்றும் கையால் செய்கிறார்கள். மற்ற குப்பிகளுக்கு இயந்திரம்.

அட்டைப்பெட்டியின் பின்புறம்தான் காலத்தை வெளிப்படையாகச் சொல்கிறது. அன்று பெட்டியில் மணத்தின் பெயரும் கடையின் பெயரும் போதும், சூத்திரம் பூட்டிய அலமாரியில் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் கொண்டுவந்த விதி, ஒவ்வாமை தரக்கூடிய 26 பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வைத்தது. 2023இல் பட்டியல் எண்பதைத் தாண்டியது. அந்த 26இல் கூமரின் ஒன்று. 1889இல் ஒரு கலையின் போக்கையே மாற்றிய துணிச்சல், இன்று எச்சரிக்கை வரியில் சிறிய எழுத்தாக நிற்கிறது. ஒவ்வாமையால் அவதிப்படுபவருக்கு அந்தச் சிறிய எழுத்து பெரிய உதவி. இதை இழப்பு என்று சொல்ல நியாயமில்லை.

பழையது முற்றிலும் அழிந்தும் போகவில்லை. வெர்சாய் நகரில் 1990இல் தொடங்கிய ஓஸ்மோதெக் என்னும் வாசனைக் காப்பகம், மறைந்த மணங்களை மூலச் சூத்திரப்படி மீண்டும் கூட்டி, ஆர்கான் வாயுவின் கீழ், இருட்டில், 12 டிகிரி குளிரில் வைத்திருக்கிறது. வாஸரும் தம் இல்லத்தின் பழைய மணங்கள் சிலவற்றை அன்றைய பொருள்களைக் கொண்டே மறுபடி செய்தார். அவை விற்பனைக்கு அல்ல, முகர்ந்து அறிவதற்கு. இன்றைய மிட்சுகோவை அன்றைய மிட்சுகோவோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் இதனால் மிஞ்சியிருக்கிறது.

என் குறை மாற்றத்தைப் பற்றியதன்று. மாற்றம் சொல்லாமல் நடப்பதைப் பற்றியது. நல்ல பதிப்பகம் ஒரு நூலைத் திருத்தினால் ‘திருத்திய பதிப்பு’ என்று ஆண்டோடு அச்சிடுகிறது. வாசகர் தாம் எதை வாசிக்கிறார் என்று அறிந்து வாசிக்கிறார். வாசனைத் தொழிலில் சூத்திரம் பலமுறை திருத்தப்பட்டாலும் பெயரும் குப்பியும் அப்படியே இருக்கின்றன. இருபது ஆண்டு ஒரே மணத்தை அணிந்த பெண், ஒருநாள் அது வேறாகத் தோன்றும்போது தன் மூக்கையும் வயதையும் சந்தேகிக்கிறாள். இரண்டு நூற்றாண்டைத் தொட நிற்கும் ஓர் இல்லம், இந்தச் சூத்திரம் எந்த ஆண்டு, எதனால் மாறியது என்று பெட்டியில் ஒரு வரி சேர்த்தால் அதன் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. தோலைக் காக்கவும் மானைக் காக்கவும் செய்த திருத்தங்களில் மறைக்க எதுவும் இல்லை.