எட்டாண்டு ஓடிய மோட்டார் இவ்வாண்டும் ஓடுமா?

சங்கத்தின் பொது இறவைக் கிணற்றில் மோட்டார் எட்டாண்டுகள் பழுதின்றி ஓடியிருக்கிறது. "இத்தனை காலம் ஓடியது, இனியும் ஓடும்" என்று நிர்வாகக் குழுவில் ஒரு சாராரும், "பத்தாண்டுக்குத் தேய்மானம் போட்டிருக்கிறோம், இன்னும் ஈராண்டு உண்டு" என்று மற்றொரு சாராரும் கூறுவர். இரண்டும் கணக்காகா. நடுப்பருவத்தில் மோட்டார் எரிந்தால் வாடுவது அங்கத்தினரின் பயிர். ஆகையால் வினா இதுவே: இதுவரை ஓடிய மோட்டார் வரும் பருவத்திற்குள் நின்றுபோகும் வாய்ப்பு எவ்வளவு?

இதற்கு நல்ல முன்மாதிரி மனித ஆயுட்கணக்கு. வால்நட்சத்திரத்தால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லா நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு 1693ஆம் ஆண்டில் ஓர் அட்டவணை வெளியிட்டார். அதில் 50 வயதில் 346 பேர், 51இல் 335 பேர். 70 வயதில் 142 பேர், 71இல் 131 பேர். இரு வயதிலும் குறைந்தோர் 11 பேரே. ஆயினும் ஆபத்து ஒன்றன்று: முன்னதில் ஏறத்தாழ 31 பேருக்கு ஒருவர், பின்னதில் 13 பேருக்கு ஒருவர். வகுக்கும் எண் தொடக்கத்தில் இருந்தோர் தொகையன்று. அவ்வயது வரை எஞ்சியோர் தொகை.

ஒருசேர நிறுவிய 100 மோட்டார்களில் எட்டாம் ஆண்டு முடிவில் 40 ஓடுவதாகவும், ஒன்பதாம் ஆண்டில் 10 பழுதாவதாகவும் கொள்வோம். நூற்றுக்குப் பத்து என்பது வாங்குமுன் சொல்லத்தக்கது. எட்டாண்டு ஓடிய மோட்டாரை வைத்திருப்போர்க்கு அது நாற்பதுக்குப் பத்து, அதாவது 25 விழுக்காடு.

எஞ்சியவை பழுதாகும் இவ்வேகத்தைக் குறுகிய காலத்திற்குக் கணித்தால், அதனைப் புள்ளியியலார் இடர்வீதம் என்பர். நான்கு மாதப் பருவத்தில் மாதவாரி வீதங்கள் 0.02, 0.02, 0.03, 0.03 எனின், கூட்டுத்தொகை 0.10. இதனையே நிகழ்தகவென்று கொள்ளலாகாது. 2.718 என்னும் எண்ணைக் குறை 0.10 அடுக்கிற்கு உயர்த்தினால் 0.905, இது பருவம் முழுதும் ஓடும் வாய்ப்பு. எஞ்சிய 0.095 பழுதாகும் வாய்ப்பு. தொகை சிறிதாயின் வேறுபாடு அற்பம். தொகை 1 ஆனாலும் பழுது நிச்சயமன்று, 63 விழுக்காடே.

இவ்வீதம் வானத்திலிருந்து வாராது, பதிவேட்டிலிருந்து வரவேண்டும். பல பதிவேடுகளில் காண்பவை பழுதுபார்த்த பில்கள் மட்டுமே. பழுதாகாதவற்றைக் குறிக்காத ஏட்டிலிருந்து வகுக்கும் எண் எங்ஙனம் கிடைக்கும்? ஒவ்வொரு மோட்டாருக்கும் நிறுவிய தேதி, காயில் கட்டிய தேதி, ஓடும் நிலையிலேயே விற்றிருப்பின் விற்ற தேதி ஆகியவை வேண்டும். விற்ற மோட்டாரை விற்ற நாள்வரை ஓடியதாகக் கணக்கில் வைத்தல் முறை. பழுதானதாக எழுதுதல் தவறு. காயில் கட்டியதைப் புதியதாக எண்ணுவதும் எனக்கு உடன்பாடன்று. அதற்குத் தனிப் பத்தி ஒதுக்குக.