குரோமிய மண்ணுக்கு நானோ இரும்பு மருந்தாகுமா?

தோல் பதனிடும் ஆலைகளுக்கான குரோமிய உப்புகளைத் தயாரித்த ராணிப்பேட்டை ஆலை 1990களில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு அதன் வளாகத்திலேயே தங்கிவிட்டது. மழை பெய்தால் அதிலிருந்து கசியும் நீர் மஞ்சளாக ஓடும். அந்த மஞ்சள் நிறம்தான் பயிருக்கு எமன்.

குரோமியம் மண்ணில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. மூன்று இணைதிறன் கொண்டது மண் துகளோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் நகராது. அந்த மஞ்சள் நிறத்தைத் தரும் ஆறு இணைதிறன் கொண்டதோ நீரில் கரைந்து கிணறு வரைக்கும் போகும். அதன் உருவம் சல்பேட்டைப் போலவே இருப்பதால், கந்தகச் சத்து என்று ஏமாந்து வேர் அதை உள்ளே விடுகிறது. உள்ளே போனதும் செல்களைச் சிதைக்கிறது. முளைப்பு குறையும், வேர் குட்டையாகும், இலை வெளிறும். பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுவதால் தானியத்துக்குப் போவது குறைவு. ஆனால் வேர் கெட்ட பயிரில் மகசூலை எங்கே தேடுவது?

இங்கேதான் நானோ இரும்பு வருகிறது. நானோ துகள் என்பது 100 நானோமீட்டருக்கும் சிறியது. ஒரு காகிதத்தின் தடிமனே ஏறக்குறைய ஒரு லட்சம் நானோமீட்டர். இவ்வளவு பொடியாகும்போது இரும்பின் மேற்பரப்பு பெருகி, வினைவேகம் கூடுகிறது. அது எலக்ட்ரானைக் கொடுத்து, நகரும் குரோமியத்தை நகராத குரோமியமாக மாற்றிவிடும். ஆய்வகத்தில் இது நன்றாகவே நடக்கிறது. வயலில் சிக்கல்கள் உண்டு. காற்று பட்டால் துகள்கள் சீக்கிரம் துருப்பிடித்துத் திரண்டுவிடும். அளவு மிஞ்சினால் வேரின் மேல் இரும்புப் படலம் படிந்து, நீரும் சத்தும் ஏறுவது தடைப்படும். மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு, மாறிய குரோமியத்தில் ஒரு பங்கை மீண்டும் பழைய வடிவத்துக்குத் திருப்பவும் கூடும். மருந்தின் அளவு தவறினால் அதுவே நோயாகிவிடும் என்பதால், அளந்து பார்க்காமல் வயலில் கொட்டுவதை ஏற்க முடியாது. தொழுவுரமும் மட்கு உரமும் இதே மாற்றத்தை மெதுவாகச் செய்கின்றன. விவசாயியின் கைக்கு எட்டுபவையும் அவைதான்.

எதைப் போட்டாலும், கழிவுக் குவியல் இருக்கும்வரை ஒவ்வொரு மழையும் புது நஞ்சைக் கொண்டுவரும். முதலில் அகற்ற வேண்டியது அதைத்தான்.

ராணிப்பேட்டை அமைந்துள்ள பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996இல். இன்றைக்கும் விவசாயிக்குத் தரப்படும் மண்வள அட்டையின் 12 அளவீடுகளில் துத்தநாகம் இருக்கிறது, செம்பு இருக்கிறது, குரோமியம் இல்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டார விவசாயிகளுக்காவது வேளாண் துறை அதையும் சேர்த்துச் சோதித்துத் தர வேண்டும்.