உங்களுக்குத் தெரியுமா? செஞ்சிப் பாலமும் 16 இலக்கமும்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறியவர்களுக்கு அந்த இடம் மறக்காது. மூச்சிரைக்க உச்சியை நெருங்கும்போது குறுக்கே ஆழமான பாறைப்பிளவு. தாண்டுவதற்கு ஒரு சிறு பாலம். போர்க்காலத்தில் அதை விலக்கிவிட்டால், கீழ்க்கோட்டை விழுந்தாலும் உச்சி தப்பும். 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698 வரை இழுத்த கோட்டை இது.

நம் 16 இலக்கக் கார்டு எண்ணுக்கும் அப்படியொரு பிளவு 2022 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. இணையக் கடைகள் முழு எண்ணைச் சேமித்து வைக்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. நாம் சம்மதித்தால் பதிவாவது ‘டோக்கன்’ என்ற மாற்று எண்தான். ஒரு கடையின் டோக்கன் இன்னொரு கடையில் செல்லாது. அந்தக் கடையின் கணினிக்குள் திருடன் புகுந்தாலும் உங்கள் எண் கிடைக்காது.

ஆனால் ஓடிபியை நாமே சொல்லிவிட்டால் பாலத்தை நாமே போட்டுக் கொடுத்ததாகிவிடும். வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போன பணம் நம் தலையில். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே ஏமாந்ததை வீட்டாரிடம் மறைத்துக்கொண்டு உட்காராதீர்கள், முதலில் கார்டை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால்? பணம் போனதாக வங்கியின் தகவல் வந்த 3 வேலைநாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. புகார் செய்த 10 வேலைநாளுக்குள் அந்தத் தொகையை வங்கி உங்கள் கணக்கில் திரும்ப வைக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை.