மலிவு டெப் வாங்குமுன், விற்குமுன்

பிள்ளையின் படிப்புக்கு ஒரு டெப் வேண்டும், அரசாங்கம் மலிவாகத் தராதா? வத்தேகம கடைகளுக்கு வரும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது.

உயர்தர மாணவர்களுக்கு இலவசமாக டெப் வழங்கும் யோசனை, 2017ஆம் ஆண்டுக்கான எமது வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. ஆனால் சொன்னபடி எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

இந்தியா அதற்கு முன்பே இதில் இறங்கியது. மாணவர்களுக்கு மானிய விலையில் கொடுப்பதற்காக 'ஆகாஷ்' என்ற டெப்பை 2011 ஒக்டோபர் 5ஆம் திகதி வெளியிட்டது. டேட்டாவிண்ட் கம்பனியிடம் அரசு வாங்கிய விலை சுமார் 50 டொலர். அந்த விலையை உலகமே வியந்தது. பொருளோ 256 எம்.பி. நினைவகம், அழுத்தித் தொட வேண்டிய திரை, விரைவில் இறங்கிவிடும் பெட்டரி என்றிருந்தது. முறைப்பாடுகள் குவிந்தன. 2012 நவம்பரில் திருத்தப்பட்ட 'ஆகாஷ் 2' மாணவருக்கு 1,130 இந்திய ரூபாவுக்கு என அறிவிக்கப்பட்டது. அதற்குள் சந்தையில் வேறு மலிவு டெப்கள் வந்துவிட்டன. திட்டமும் நீடிக்கவில்லை.

வியாபார சகோதரர்களே, இதில் நமக்கும் பாடம் உண்டு. மலிவு டெப் கொள்வனவு செய்யும்போது விலையை மட்டும் பேசாதீர்கள். பெட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், உடைந்தால் திரை கிடைக்குமா, உத்தரவாதம் எழுத்தில் உண்டா என்று கேளுங்கள். சிம் போடும் டெப் என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியையும் பாருங்கள்.

விற்கும்போது குறையைச் சொல்லியே விற்போம். நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். டெப்புக்கும் அதே சட்டம்தான்.