திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே

திருவள்ளூர் அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிறது, கும்மிடிப்பூண்டி கூடூர் பாதையில். ஒன்றிலிருந்து மற்றதற்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைப் பக்கம் வந்துதான் வண்டி மாற வேண்டும். வரைபடத்தில் நூல் பிடித்தால் தூரம் சுமார் 37 கிலோமீட்டர்தான்.

இந்த நேர்கோட்டில் இடைப்புள்ளிகள் வேண்டுமா? திருவள்ளூர் ஏறக்குறைய 13.14 அட்சம், 79.91 தீர்க்கம். கும்மிடிப்பூண்டி 13.41, 80.12. வித்தியாசம் 0.27, 0.21. மூன்றாகப் பங்கிட்டு 0.09, 0.07 எனக் கூட்டிக்கொண்டே போனால் 13.23, 79.98 முதல் புள்ளி. 13.32, 80.05 அடுத்தது, அது ஆரணி ஆற்றங்கரைப் பெரியபாளையம் வட்டாரம். பூமி உருண்டை என்பதை மறந்துவிட்டுப் போடும் கணக்குதான் இது. ஆனாலும் இவ்வளவு சிறிய தூரத்தில் அதனால் வரும் பிழை பத்து மீட்டரைத் தாண்டாது.

இதே கணக்கைச் சென்னைக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் போட்டால் அபத்தமாகிவிடும். சராசரி எடுத்தால் நடுப்புள்ளி ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் விழுகிறது. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியில் பாதி தூரம் போனால் நிற்பது சைபீரியாவின் யாகுத்தியாவில்! நெடுந்தூரத்துக்குக் கோள முக்கோணவியல் இல்லாமல் முடியாது.

அந்தக் கணிதத்தைக் கொண்டு இந்தியாவை அளக்கும் வேலைக்கு அடிப்படைக் கோடு போட்டது நம் பரங்கிமலைப் பக்கம்தான். 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியை நீட்டினார். அந்த ஏழரை மைல் கோட்டை அளக்க 57 நாள் பிடித்தது. பிறகு சங்கிலிக்கு அதிக வேலையில்லை. தெரிந்த இரு முனைகளிலிருந்து கோணம் பார்த்தே மூன்றாவது இடத்தைக் குறித்துவிடலாம்.

இன்று எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் வரை சுமார் 133 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலை திட்டமிடப்பட்டிருக்கிறது. அதில் தச்சூர்–திருவள்ளூர் பகுதி நம் கோட்டின் அக்கம்பக்கத்தில்தான் வருகிறது. சாலைக்கு நேர்கோடு கட்டுப்படியாகாது. கொசஸ்தலை ஆறு, ஏரிகள், குடியிருப்புகள் எல்லாம் குறுக்கே வரும். அதனால் வளைவுக்கு வளைவு கோட்டைத் துண்டாக்கி, அட்சதீர்க்கத்தை மீட்டர் கணக்குக்கு மாற்றி, துண்டுதோறும் புள்ளி குறிக்கிறார்கள். இங்கே பத்து மீட்டர் பிழையைக்கூடப் பொறுக்க முடியாது. எல்லைக் கல் பக்கத்துப் பட்டாவில் போய் நின்றுவிடும்.

நீங்களும் நிலத்தின் இருப்பிடத்தை அட்சதீர்க்கமாக யாருக்காவது அனுப்பும்போது இரண்டு தசம இடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அரைக் கிலோமீட்டருக்கும் மேல் பிசகலாம். ஐந்து இடம் வரை எழுதுங்கள். அப்போதுதான் மீட்டர் கணக்குக்கு வரும். எல்லைத் தகராறு என்றால் கைபேசியை நம்பாமல் சர்வேயரை அழையுங்கள்.