தொன்மையும் சான்றும்: பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் வரலாறு

உலகில் இன்றளவும் நடைபெற்றுவரும் பல்கலைக்கழகங்களுள் மிகப் பழையது எது என்னும் வினாவுக்கு இரு விடைகள் வழங்கிவருகின்றன. ஐரோப்பிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இத்தாலியின் பொலோஞா நகரைச் சுட்டி, 1088ஆம் ஆண்டைக் குறிக்கின்றன. நம் மேடைகளிலும் சிறப்பு மலர்களிலும் மொராக்கோவின் ஃபாஸ் நகரிலுள்ள அல்கரவிய்யீன் பெயரும், கி.பி. 859 என்னும் ஆண்டும் ஒலிக்கின்றன. கின்னஸ் சாதனை நூலும் கரவிய்யீனுக்கே அச்சிறப்பை வழங்கியுள்ளது. இவற்றுள் எது சரி என்று தீர்ப்புக் கூறுமுன், ஒவ்வொரு கூற்றும் எந்தச் சான்றின்மீது நிற்கிறது என ஆராய்வது நலம். ஓர் அறிவிப்பைக் கேட்டதும் அதன் இஸ்னாதை வினவும் மரபில் வந்தவர்கள் நாம். நமக்குப் பெருமை சேர்க்கும் செய்திகளையும் அதே உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதே அம்மரபுக்கு அழகாகும்.

கரவிய்யீன் பற்றி வழங்கும் வரலாறு இது: இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரிலிருந்து ஃபாஸுக்குக் குடிபெயர்ந்த குடும்பமொன்றில் தோன்றியவர் ஃபாத்திமா பின்த் முஹம்மது அல்ஃபிஹ்ரீ. தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு அவர் ஹிஜ்ரி 245இல் (கி.பி. 859) ஒரு பள்ளிவாசலை எழுப்பினார். அவருடைய சகோதரி மர்யம், அந்தலூஸியர் வாழ்ந்த எதிர்க்கரையில் மற்றொரு பள்ளிவாசலைக் கட்டினார். இச்செய்தியை நமக்குத் தருபவர், 14ஆம் நூற்றாண்டில் ‘ரவ்ளுல் கிர்தாஸ்’ என்னும் நூலை எழுதிய இப்னு அபீ ஸர்உ ஆவார். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. மேலும், 20ஆம் நூற்றாண்டில் பள்ளிவாசலைச் செப்பனிட்டபோது, கூஃபி எழுத்துகள் செதுக்கப்பட்ட தேவதாரு மரப்பலகை ஒன்று வெளிப்பட்டது. இத்ரீஸிய அரச மரபினரான தாவூது இப்னு இத்ரீஸ் இப்பள்ளிவாசலை ஹிஜ்ரி 263இல் (கி.பி. 877) கட்டினார் என அது கூறுகிறது. அம்மையார் தொடங்கியதை அவர் விரிவாக்கியிருக்கலாம் என்போரும் உளர். நிறுவியவர் அவரே என்போரும் உளர். ஆகவே, 859 என்பதை ‘அறிவிக்கப்படுகிறது’ என்னும் சொல்லோடு கூறுவதே நேர்மையாகும்.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. அவ்வாண்டு எழுந்தது ஒரு பள்ளிவாசல். பள்ளிவாசல் தூணருகே ஆசிரியர் அமர, மாணவர் சூழ்ந்து பாடம் கேட்பது அக்கால இஸ்லாமிய உலகெங்கும் இருந்த வழக்கம்; கரவிய்யீனிலும் கல்வி அவ்வாறே வளர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் முராபித்து மன்னர் அலீ இப்னு யூசுஃப் அதனைப் பெரிதும் விரிவாக்கினார். 14ஆம் நூற்றாண்டில் மரீனிய மன்னர்கள் அதனைச் சூழ மத்ரஸாக்களை எழுப்பினர். வெளியூர் மாணவர் அவற்றில் தங்கி, கரவிய்யீனில் பாடம் கேட்டனர். 1349இல் சுல்தான் அபூ இனான் அங்கு நூலகம் அமைத்தார். அல்லாமா இப்னு கல்தூன் தம் ‘கிதாபுல் இபர்’ நூலின் படியொன்றை அந்நூற்றாண்டின் இறுதியில் இந்நூலகத்துக்கு வக்ஃபாக வழங்கினார். அரசாணை வழியே ‘பல்கலைக்கழகம்’ என்னும் சட்டநிலையைக் கரவிய்யீன் பெற்றது 1963இல்தான்.

கெய்ரோவின் அல்அஸ்ஹரை நோக்கும்போது, கல்விப் பணியின் தொடக்கத்துக்கே தெளிவான சான்று கிடைக்கிறது. ஃபாத்திமிய்யத் தளபதி ஜவ்ஹர் அஸ்ஸிகில்லீ 970இல் தொடங்கிய கட்டுமானம் 972இல் நிறைவுற்றது. 975இல் காழி அலீ இப்னு நுஃமான், தம் தந்தை இயற்றிய ஃபிக்ஹ் நூலை அங்கே பாடமாக நடத்தினார். 988இல் அமைச்சர் இப்னு கில்லிஸின் ஏற்பாட்டில் சட்ட அறிஞர் 35 பேருக்கு உதவித்தொகையும் பள்ளிவாசலை ஒட்டித் தங்குமிடமும் வழங்கப்பட்டன. ஊதியம் பெறும் ஆசிரியர் குழுவை இங்கே காண்கிறோம். இன்று ஸுன்னத் வல் ஜமாஅத்தின் தலைமைக் கல்விக்கூடமாகப் போற்றப்படும் அஸ்ஹர், இஸ்மாயீலிக் கொள்கையைப் பரப்பும் களமாகத் தோன்றியது என்பதும் மறைக்கத்தக்கதன்று. 1171இல் ஸலாஹுத்தீன் அய்யூபி ஃபாத்திமிய்ய ஆட்சியை முடித்தபின் அங்கு ஜும்ஆ குத்பா நிறுத்தப்பட்டது. 1266இல் சுல்தான் பைபர்ஸ் காலத்திலேயே அது மீண்டும் தொடங்கியது. ‘இடையறாத தொன்மை’ என்று நாம் கூறும்போது இவ்விடைவெளியையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனிப் பொலோஞாவைக் காண்போம். 1088 என்னும் ஆண்டுக்கு நிறுவன ஆவணம் ஏதும் இல்லை. எண்ணூறாம் ஆண்டு விழாவை 1888இல் கொண்டாடுவதற்காக, கவிஞர் கார்தூச்சி தலைமையில் அமைந்த குழு வரையறுத்த ஆண்டே அது. ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கூறப்படும் 1096ஆம் ஆண்டும் அங்கு கற்பித்தல் நடந்ததைக் காட்டுமேயன்றி, நிறுவப்பட்ட நாளைக் காட்டாது. பாரிஸ் பல்கலைக்கழகம் பழமையும் புகழும் மிக்கதாயினும், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் 1793இல் கலைக்கப்பட்டது. ஆண்டுக் கணக்கில் ஐயம் என்பது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று.

ஆயினும் பொலோஞாவில் புதிய அமைப்பொன்று பிறந்தது உண்மை. ‘யுனிவர்ஸிடாஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஒரு தொழிலினர் ஒன்றுகூடி அமைத்த முழுக் கூட்டம் என்பது பொருள். சட்டம் பயில வந்த வெளிநாட்டு மாணவர் சங்கமாகச் சேர்ந்து, தமக்குத் தலைவரைத் தேர்ந்து, ஆசிரியரோடு ஒப்பந்தம் செய்தனர். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் பேரரசர் முதலாம் ஃபிரெடரிக் அவர்களுக்குப் பாதுகாப்பு ஆணை வழங்கினார். தம் நாட்டார் பட்ட கடனுக்காக மாணவரைப் பிணைப்பது அதனால் தடுக்கப்பட்டது. நாளடைவில் இச்சங்கம் தனி மனிதரைப் போன்று சட்ட உரிமை பெற்றது. பட்டமும் நிறுவனத்தின் பெயரால் வழங்கப்பட்டது.

நம் மரபில் இதற்கு நேரான இடத்தில் இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று இஜாஸா. இன்ன நூலை இன்ன ஆசிரியரிடம் ஓதினார், அதனைப் பிறர்க்குக் கற்பிக்கத் தகுதி பெற்றார் என்று ஆசிரியரே தம் பொறுப்பில் வழங்கும் அனுமதி அது. ‘இவர் எங்குப் பயின்றார்?’ என்பதைவிட ‘எவரிடம் பயின்றார்?’ என்பதே அன்றைய கேள்வி. நம் அரபுக் கல்லூரிகளில் வழங்கும் ஸனது, பெயராலும் கருத்தாலும் அம்மரபின் தொடர்ச்சியே. மற்றொன்று வக்ஃப். கடை, தோட்டம், குளியலகம் போன்றவற்றின் மூலப்பொருள் விற்கப்படாமல் நிற்க, அவற்றின் வருவாய் மட்டும் ஆசிரியர் ஊதியத்துக்கும் மாணவர் உணவுக்கும் விளக்கெண்ணெய்க்கும் நூல்களுக்கும் செலவாகும். கொடையாளர் மறைந்தாலும் ஆட்சி மாறினாலும் பாடம் நிற்காமல் இருந்ததற்கு இவ்வேற்பாடே காரணம்.

எனினும் வக்ஃப் தன்னைத்தானே காத்துக்கொள்வதில்லை. 1067இல் பக்தாதில் திறக்கப்பட்டு, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091 முதல் 1095 வரை பாடம் நடத்திய நிஸாமிய்யா இன்று இல்லை. 1234இல் நான்கு மத்ஹபுகளுக்கும் இடமளித்துத் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யாவின் கட்டடம் நிற்கிறது. அன்றைய பாடசாலை தொடரவில்லை. எகிப்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மது அலீ பாஷா வக்ஃப் நிலங்களை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தபோது, அஸ்ஹரின் உலமாக்கள் பொருளாதாரத் தற்சார்பை இழக்கலாயினர். 1961ஆம் ஆண்டுச் சட்டம் அஸ்ஹருக்கு மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளையும் பெண்களுக்கான கல்லூரியையும் தந்தது. கூடவே அரசின் ஆளுகையையும் இறுக்கியது. பெயர் நீடித்தும் பொறுப்பு இடம் மாறிய வரலாறு இது.

எனவே, ‘உலகின் முதல் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் ஒரு முஸ்லிம் பெண்மணி’ என்று நம் மாணவர் ஒரு பல்கலைக்கழக அவையில் கூறினால், சான்றைக் கேட்போர் அங்கிருப்பர். அதற்கு மாறாக, ‘ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெண்மணி நிறுவியதாக அறிவிக்கப்படும் பள்ளிவாசல், வக்ஃபின் துணையால் கல்விக்கூடமாய் வளர்ந்து, இன்றும் கற்பித்துவருகிறது’ என்று கூறட்டும். இக்கூற்றை எவரும் அசைக்க இயலாது. அதன் சிறப்பும் சிறிதும் குறையாது.

மூத்தது எது என்னும் போட்டியில் வெல்வதால் நம் பிள்ளைகளுக்கு ஒரு நூலும் கூடுதலாகக் கிடைத்துவிடாது. ஃபாத்திமா அம்மையார் தமக்கு வந்த வாரிசுச் சொத்தை என்ன செய்தார் என்பதே நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது. பள்ளிவாசல்களுக்கு அலங்கார விளக்கும் பளிங்குத் தளமும் வழங்குவோர் நம்மிடையே பலர். ஓர் ஆசிரியரின் ஊதியத்துக்கென்றோ, ஒரு நூலகத்தின் பராமரிப்புக்கென்றோ கடையொன்றை வக்ஃபு செய்வோர் எத்தனை பேர்? அத்தகையோர் நம்மிடையே பெருக வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!