21 மணி நேரப் பரீட்சை: ஃபீஸைப் பார்க்காதீங்க, விலையைப் பாருங்க



சி.ஏ. ஃபைனலைவிடக் கஷ்டமான பரீட்சை எதுவும் இல்லைன்னு எங்க ஆளுங்களுக்கு ஒரு பெருமை உண்டு. அமெரிக்காவுல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கள் எழுதுற எஸ்.இ. பரீட்சையைப் பத்தித் தெரிஞ்சா அந்தப் பெருமை கொஞ்சம் அடங்கிடும். நீங்க சிவில் படிக்காதவரா இருந்தாலும் இதைப் படிங்க. சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கிட்டே ஒரு பெரிய பரீட்சை எழுதலாமா, அதுக்கு எவ்வளவு பணமும் நேரமும் போடலாம்னு முடிவெடுக்க இது நல்ல உதாரணம்.

அப்படி என்ன பரீட்சை?

அமெரிக்காவுல டிகிரி வாங்கிட்டா மட்டும் டிராயிங்ல முத்திரை குத்த முடியாது. வழக்கமான பாதை இதுதான்: முதல்ல எஃப்.இ. பரீட்சை, அப்புறம் சில வருஷ அனுபவம், அதுக்கப்புறம் பி.இ. லைசென்ஸ். இது நம்ம ஊர் பி.இ. டிகிரி இல்ல, 'புரொஃபஷனல் இன்ஜினியர்'. கட்டட அமைப்பு மட்டுமே என் வேலைன்னு போறவங்களுக்கு அதுக்கும் மேல ஒரு படி இருக்கு. அதுதான் எஸ்.இ.

2011-லிருந்து இது 16 மணி நேரப் பரீட்சையா இருந்தது. ஒரு நாள் 8 மணி நேரம், மேலிருந்து கீழே இறங்கும் சுமை பத்தி. இன்னொரு நாள் 8 மணி நேரம், காற்று, நிலநடுக்கம் மாதிரி பக்கவாட்டுச் சுமை பத்தி. 2024 ஏப்ரல்ல கம்ப்யூட்டருக்கு மாறினப்போ இது நாலு பிரிவா ஆச்சு, மொத்த நேரம் சுமார் 21 மணி. ரெண்டு பிரிவுல எல்லா விஷயத்தையும் அகலமா தொடுவாங்க. மத்த ரெண்டுல கட்டடமா பாலமான்னு நீங்க ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, ஆழமா கணக்குப் போடணும்.

முன்னாடி பெட்டி நிறைய புத்தகம் கொண்டு போகலாம். இப்போ ஏ.எஸ்.சி.இ. 7, ஏ.சி.ஐ. 318 மாதிரி விதிப் புத்தகங்கள் எல்லாம் திரையிலேயே வரும். ஆயிரக்கணக்கான பக்கங்கள்ல தேட வேண்டியதைத் தேடி, கணக்கும் போட்டு, கடிகாரத்தையும் பார்க்கணும். புது முறையோட முதல் சுற்றுல, ஆழமான பிரிவுகள்ல பாஸ் ஆனவங்க ரொம்பக் குறைவு. அந்தத் துறைச் சங்கங்களே அதைப் பத்திக் கேள்வி எழுப்பினாங்க.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

1981 ஜூலை 17, மிசௌரி மாநிலம், கன்சாஸ் சிட்டி. ஹயாத் ரீஜென்சி ஹோட்டல்ல நடன நிகழ்ச்சி நடந்துக்கிட்டிருந்தப்போ, மேலே தொங்கிய நடைபாலங்கள் இடிஞ்சு விழுந்து 114 பேர் இறந்தாங்க. முதல் வடிவமைப்புல ரெண்டு பாலத்தையும் ஒரே நீளக் கம்பி தாங்கணும். கட்டும்போது அதை ரெண்டு தனிக் கம்பியா மாத்தினாங்க. பார்க்கச் சின்ன மாற்றம்தான். ஆனா கீழ்ப் பாலத்தோட எடையும் மேல்ப் பாலத்தோட இணைப்புமேல ஏறி, அங்க சுமை ரெண்டு மடங்காச்சு. பொறுப்பான இன்ஜினியர்கள் மிசௌரியில லைசென்ஸை இழந்தாங்க.

ஒரு ஆடிட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுறப்போ எனக்கு இருக்கிற பயம், ஒரு இன்ஜினியர் முத்திரை குத்துறப்போ பல மடங்கு இருக்கணும். என் தப்புல பணம் போகும், அவங்க தப்புல உயிர் போகும். அதனால பரீட்சை கஷ்டமா இருக்கிறது நியாயம்தான். அதை எழுதுறது உங்களுக்கு லாபமாங்கிறது வேற கேள்வி.

ஃபீஸ் வேற, விலை வேற

பரீட்சைன்னதும் நாம முதல்ல கூகுள் பண்றது ஃபீஸ் எவ்வளவுன்னுதான். எஸ்.இ.-ல ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி ஃபீஸ், கோச்சிங், புத்தகம்னு செலவு இருக்கு. ஆனா அதைவிடப் பெரிய செலவு உங்க நேரம்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். வார நாள்ல தினம் 2 மணி, சனி ஞாயிறுல தலா 5 மணி. வாரத்துக்கு 20 மணி ஆச்சு. 20 வாரம் படிச்சா 400 மணி நேரம். உங்க சம்பளம் மாசம் 60,000 ரூபாய், மாசத்துக்கு 200 மணி நேரம் வேலைன்னு வெச்சுக்கோங்க. ஒரு மணி நேரத்தோட மதிப்பு 300 ரூபாய். 400 மணி நேரம்னா 1,20,000 ரூபாய். இந்தப் பில் எந்த வெப்சைட்லயும் வராது, ஆனா நீங்கதான் கட்டுறீங்க.

இதோட இன்னொண்ணு: எஸ்.இ.-யோட ஆழமான பிரிவுகள் வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஏப்ரல்லயும் அக்டோபர்லயும்தான். ஒரு தடவை விட்டா ஆறு மாசம் காத்திருக்கணும். எதிர்பார்த்த பதவி உயர்வும் அதோட தள்ளிப் போகலாம்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

1. இந்த முத்திரை என் வேலைக்கு நிஜமாவே தேவையா?
இல்லினாய்ஸ் மாநிலம் 1915-லேயே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்களுக்குத் தனி லைசென்ஸ் சட்டம் கொண்டு வந்தது. அங்க எஸ்.இ. இல்லாம இந்தத் தொழில் பண்ண முடியாது. கலிஃபோர்னியாவுல ஆஸ்பத்திரி, அரசுப் பள்ளி மாதிரிக் கட்டடங்களுக்குக் கேட்பாங்க. பல மாநிலங்கள்ல பி.இ. இருந்தாலே போதும். அதாவது, ஒரே பரீட்சை ஒருத்தருக்குச் சோறு போடும், இன்னொருத்தருக்கு லிங்க்ட்இன்ல ஒரு வரி மட்டும் சேர்க்கும். உங்க பரீட்சைக்கும் இதே கேள்வியைக் கேளுங்க. உங்க அடுத்த பதவியில இருக்கிறவங்கள்ல எத்தனை பேர்கிட்ட அந்தச் சர்டிஃபிகேட் இருக்குன்னு பாருங்க.

2. யார் பணம்?
கம்பெனி திருப்பித் தருமா? பாஸ் ஆனா மட்டுமா, எழுதினாலே தருமா? அதுக்கப்புறம் இத்தனை வருஷம் இருக்கணும்னு பாண்ட் உண்டா? எச்.ஆர். வாயால சொன்னா போதாது, மெயில்ல வாங்குங்க. பாஸ் ஆனா சம்பளம் எவ்வளவு ஏறும்னும் அப்பவே கேட்டுடுங்க.

3. ரெண்டாவது தடவைக்கும் பணம் இருக்கா?
கஷ்டமான பரீட்சைக்கு ஒரே ஒரு அட்டெம்ப்ட்டுக்கு மட்டும் பட்ஜெட் போடாதீங்க. ரெண்டு தடவைக்கான ஃபீஸை ஆர்.டி.-யில சேர்த்துட்டு ஆரம்பிங்க. எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்காதீங்க, டெர்ம் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை நிறுத்தாதீங்க, கோச்சிங்குக்குப் பர்சனல் லோன் எடுக்காதீங்க. இ.எம்.ஐ. தலைக்கு மேல நிக்கும்போது ராத்திரி உட்கார்ந்து படிச்சா மண்டையில ஏறாது.

4. வரிச் சலுகை கிடைக்கும்னு நம்பி இருக்கீங்களா?
நம்ம ஊர்ல வரிக் கழிவுல வர்ற டியூஷன் ஃபீஸ் உங்க பிள்ளைங்க படிப்புக்குத்தான். நீங்க எழுதுற பரீட்சை ஃபீஸுக்கும் கோச்சிங்குக்கும் அதுல இடம் இல்லை. அதனால முழுச் செலவும் உங்க கையிலிருந்துதான்னு வெச்சுக் கணக்குப் போடுங்க.

துண்டு துண்டா ஜெயிங்க

எஸ்.இ.-ல நாலு பிரிவையும் ஒரே மூச்சுல எழுத வேண்டியதில்லை. ஒரு பிரிவுல பாஸ் ஆனா அது கணக்குல இருக்கும். ஆனா அஞ்சு வருஷத்துக்குள்ள நாலையும் முடிக்கணும். சி.ஏ.-ல ஒரு பேப்பர்ல 60 வாங்கினா விலக்கு கிடைக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க. வேலையில இருக்கிறவங்களுக்கு இது பெரிய வரம். எஸ்.ஐ.பி. மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா போடலாம். ஆஃபீஸ்ல வேலை அதிகமா இருக்கிற மாசத்துல சின்னப் பிரிவு, கொஞ்சம் மூச்சு விடக்கூடிய சமயத்துல பெரிய பிரிவுன்னு பிரிச்சுக்கோங்க.

எப்போ நிறுத்தணும்?

பங்குச் சந்தையில ஸ்டாப் லாஸ் போடுறோம்ல, பரீட்சைக்கும் ஒண்ணு வேணும். "ரெண்டு அட்டெம்ப்ட், இவ்வளவு ரூபாய், இந்தத் தேதி வரைக்கும்"னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதி, வீட்டுல இருக்கிறவங்ககிட்ட காட்டுங்க. ஏன்னா உங்க சனி ஞாயிறு அவங்களோட சனி ஞாயிறும்தான். ஃபெயில் ஆன ராத்திரி எடுக்கிற முடிவு பெரும்பாலும் ரோஷத்துல எடுக்கிறது. "இவ்வளவு செலவு பண்ணிட்டோமே"ங்கிறதுக்காக மூணாவது தடவை பணம் கட்டாதீங்க. போன பணம் போனதுதான். இனிமே போடுற பணத்துக்கு என்ன வரும்னு மட்டும் பாருங்க.

ஃபெயில் ஆனதால நீங்க மோசமான இன்ஜினியரோ, அக்கவுண்டண்டோ ஆகிட மாட்டீங்க. தகுதியான நிறையப் பேர் முதல் தடவையிலேயே பாஸ் ஆகுறதில்லை.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. நீங்க எழுத நினைக்கிற பரீட்சை எதுவா இருந்தாலும், மேலே இருக்கிற நாலு கேள்விக்கும் ஒரு பேப்பர்ல பதில் எழுதுங்க. முதல் கேள்விக்கே "தெரியலை"ன்னு வந்தா, இன்னும் ஃபீஸ் கட்டாதீங்க. "ஆமா, தேவை"ன்னு தெளிவா வந்தா, தள்ளிப் போடாம இந்த மாசமே ஆர்.டி.-யை ஆரம்பிங்க.

எமர்ஜென்சி ஃபண்ட் கணக்குப் போடுறது எப்படின்னு நம்ம சேனல்ல தனி வீடியோ இருக்கு, அதையும் பார்த்துடுங்க. பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருக்கிற ஒரு நண்பருக்கு இதை அனுப்புங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!